பைருவேட்டோடு நிறுத்தினால் என்ன? லாக்டிக் அமிலம் எதற்கு? (காற்றில்லாச் சுவாசம்)

#1 கயல்_உயிரியல்

எல்லோருக்கும் வணக்கம். பிளஸ் ஒன் படிக்கிறேன், நீட்டுக்கும் தயாராகிட்டு இருக்கேன். சுவாசப் பாடத்தில் ஒரு இடம் இடிக்குது.

குளுக்கோஸ் பிளந்து ரெண்டு பைருவேட் ஆகுது. அதுலயே நிகரமா 2 ஏடிபி (செல் செலவழிக்கிற ஆற்றல் நாணயம்) கிடைச்சிடுது, ஆக்சிஜன் தேவையே இல்ல. அதுவரைக்கும் புரியுது. ஆக்சிஜன் இல்லாதப்ப அந்தப் பைருவேட் லாக்டிக் அமிலமா மாறும்னு அடுத்த வரி. ஆனா அந்தப் படியில ஒரு ஏடிபிகூட வரல. அப்ப எதுக்கு அந்த வேலை? கிடைச்ச 2 ஏடிபியை வாங்கிக்கிட்டு பைருவேட்டோட நிறுத்திக்கலாமே?

டியூஷன்ல கேட்டேன். "அதெல்லாம் கேள்வியா வராது, விடு"ன்னுட்டாங்க.

இன்னொண்ணு. நொதித்தல்ல (ஆக்சிஜன் இல்லாம இப்படி லாக்டிக் அமிலமோ ஆல்கஹாலோ ஆகறது) குளுக்கோஸோட ஆற்றல்ல ஏழு சதவீதத்துக்கும் கம்மியாத்தான் வெளிவருதுன்னு இருக்கு. மீதி 93 எங்க போச்சு? வெப்பமா போயிடுதா?

#2 சந்தேகப்_பேர்வழி

கேள்வியா வராதுன்னு சொன்ன மகராசனுக்கு ஒரு பெரிய கும்பிடு. பின்தொடர்கிறேன்.

#3 ஓட்டக்காரன்400

தங்கச்சி, புத்தகத்தை மூடிட்டு மைதானத்துக்கு வாம்மா. 400 மீட்டர்ல கடைசி 80 மீட்டர் வரும்போது தொடை ரெண்டும் கல்லாயிடும். அதுதான் லாக்டிக் அமிலம். இதுக்கு மேல போனா தசை கெட்டுடும்னு உடம்பு நம்மள நிறுத்தறதுக்கு வச்சிருக்கிற வழி. மறுநாள் காலைல பசங்க படியிறங்க முடியாம நொண்டறதும் அது தேங்கி நிக்கிறதாலதான். அதனாலதான் ஓடி முடிச்சதும் ஒருத்தனையும் உட்காரவிட மாட்டேன்.

#4 நொதியன்

ஓட்டக்காரன் அண்ணா சொன்னதுக்கு அப்புறம் வர்றேன், அதுல ரெண்டு மூணு விஷயம் பேச வேண்டியிருக்கு. முதல்ல கயலுக்கு.

லாக்டேட் (லாக்டிக் அமிலம் செல்லுக்குள்ள இருக்கிற அயனி வடிவம்) ஆகிற படி ஏடிபிக்காக இல்ல. அடுத்த குளுக்கோஸை உடைக்க முடியணும்கிறதுக்காக.

குளுக்கோஸ் பிளப்பு மொத்தம் பத்து படி. ஆறாவது படியைத் திறந்து பாருங்க. கிளிசரால்டிஹைடு 3 பாஸ்பேட்டிலிருந்து (குளுக்கோஸ் ரெண்டா உடைஞ்ச துண்டு) எலக்ட்ரான்களை உருவணும். உருவினதை வாங்கிக்கிறது என்ஏடி பிளஸ். வாங்கினதும் அது என்ஏடிஹெச் ஆயிடும். வாங்கிக்க ஆள் இல்லேன்னா ஆறாவது படி நடக்காது. ஏடிபி வர்றது ஏழாவது, பத்தாவது படிகள்ல. ஆக, ஆறுல அடைச்சுக்கிட்டா கீழ ஒண்ணும் கிடையாது. அதோட ஒண்ணாவது படியிலும் மூணாவது படியிலும் செல் தன் கையிலிருந்து 2 ஏடிபி போட்டிருக்கும். அதுவும் போச்சு. நீங்க "நிறுத்திக்கலாமே"ன்னு சொல்றது முதல் சில குளுக்கோஸுக்கு வேணா சரிப்படும். அதுக்கு மேல ஓடாது.

ஏன்னா செல்லுக்குள்ள இருக்கிற என்ஏடி மொத்தமே கொஞ்சம்தான். வேகமா ஓடுற தசையில அது காலியாகித் திரும்பி வரலைன்னா சில நொடிக்குள்ள தீர்ந்துடும்.

கட்டட வேலை நடக்கிற இடத்தை நினைச்சுக்கோங்க. கீழ கலவை போடறாங்க, சித்தாளுங்க சாந்துச் சட்டியில எடுத்துட்டு மேல போறாங்க. இருக்கிறது பத்து சட்டி. மேல கொத்தனார் இருந்தா வாங்கிப் பூசிட்டு வெறுஞ்சட்டியைக் கீழ அனுப்புவாரு. அன்னைக்குக் கொத்தனார் வரல. பத்து சட்டியும் நிறைஞ்சு நிக்குது, கலவை போடறவருக்கும் வேலை நின்னு போச்சு. என்ன செய்வாங்க? ஓரமா ஒரு இடத்துல சாந்தைக் கொட்டிட்டு சட்டியைக் காலி பண்ணுவாங்க.

கொத்தனார் ஆக்சிஜன். சட்டி என்ஏடி. ஓரமா கொட்டின இடம் பைருவேட். கொட்டினதுக்கு அப்புறம் அதுக்குப் பேர் லாக்டேட். லாக்டேட் டிஹைட்ரஜனேஸ்னு ஒரு நொதி இந்தக் கொட்டுற வேலையைச் செய்யுது. கணக்கும் கச்சிதமா இருக்கு பாருங்க: ஒரு குளுக்கோஸுக்கு ரெண்டு என்ஏடிஹெச் உண்டாகுது, அதை இறக்கி வைக்க ரெண்டு பைருவேட் பக்கத்துலயே இருக்கு. வெளியிலிருந்து ஒண்ணும் தேட வேண்டாம்.

#5 கயல்_உயிரியல்

ஐயோ, இவ்ளோதானா! புத்தகத்துல "என்ஏடிஹெச் மறு ஆக்சிஜனேற்றம் அடைகிறது"ன்னு ஒரே ஒரு வரி இருக்கு சார். மனப்பாடமே பண்ணியிருக்கேன். அதுதான் மொத்த விஷயம்னு இப்பதான் தெரியுது.

அப்ப ஈஸ்ட் ஆல்கஹால் உண்டாக்கறதும் இதுக்குத்தானா?

#6 நொதியன்

அதேதான். ஈஸ்ட் ஒரு படி சுத்தி வருது. பைருவேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கழட்டிவிட்டு அசெட்டால்டிஹைடு ஆக்கும். அதும்மேல எலக்ட்ரானை இறக்கினா எத்தனால். ஏடிபி கணக்கு அதே 2.

கொஞ்சம் வரலாறும் சொல்லிடறேன், எனக்குப் பிடிச்ச கதை. காத்து இல்லாம உயிர்கள் வாழ முடியும்னு 1861ல லூயி பாஸ்டர் சொன்னார். ஈஸ்டுக்குக் காத்து கொடுத்தா சர்க்கரையைக் கம்மியாத் தின்னுது, காத்தை நிறுத்தினா அதிகமாத் தின்னுதுன்னு கவனிச்சவரும் அவர்தான். இப்ப உங்களுக்குக் காரணம் தெரியும்: ஒரு குளுக்கோஸுக்கு ரெண்டே ஏடிபின்னா அதே வயித்துப்பாட்டுக்கு நிறைய குளுக்கோஸ் வேணும். ஆனா பாஸ்டர், உயிருள்ள செல் இல்லாம நொதித்தல் நடக்காதுன்னு உறுதியா நம்பினார்.

1897ல ஜெர்மனியில எட்வர்ட் புஃக்னர் ஈஸ்டை மணலோட சேர்த்து அரைச்சுப் பிழிஞ்சு சாறு எடுத்தார். மருந்துக்காக எடுத்த சாறு. கெட்டுப் போகாம இருக்க அதுல சர்க்கரையைக் கொட்டினாங்க, நாம ஜாம் போடற மாதிரி. சாறு குபுகுபுன்னு நுரைக்க ஆரம்பிச்சுது. செல் ஒண்ணுகூட இல்ல, நொதித்தல் நடக்குது! உயிர்வேதியியல்னு ஒரு துறையே அந்த நுரையிலிருந்து வந்ததுன்னு சொன்னா மிகையில்ல. 1907ல வேதியியல் நோபல். பாஸ்டர் 1895லயே இறந்துட்டார்.

#7 பனங்காட்டு_நரி

நான் யாழ்ப்பாணப் பக்கம். எங்கட ஊரில இந்த ஈஸ்டை நிப்பாட்டுற வித்தை பாடசாலை போகாத ஆக்களுக்கும் தெரியும்.

பனையில பாளையைச் சீவி முட்டி (மண்கலயம்) கட்டுவினம். முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசிக் கட்டினால் இறங்கிறது கருப்பணி. பூசாமல் கட்டினால் கள்ளு. ஒரே மரம், ஒரே பாளை. சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டிப்போடும், அதுக்குள்ள ஈஸ்டும் பக்டீரியாவும் வேலை செய்யேலாது, சீனி அப்பிடியே இருக்கும். அதைக் காய்ச்சித்தான் பனங்கட்டி.

கள்ளு முட்டிக்கு ஒருத்தரும் ஈஸ்ட் போடுறேல்ல. முதல் நாள் முட்டியில ஒட்டிக்கிடக்கிறதே காணும். மரத்தில தொங்கேக்கையே நுரை தள்ளத் தொடங்கீடும். விடிய இறக்கினது இனிக்கும், பின்னேரம் கடுக்கும், அடுத்த நாள் வாயில வைக்கேலாது, வினாகிரி.

எனக்கு ஒரு கேள்வி. முட்டி திறந்துதான் கிடக்கு, காத்து நல்லாப் போகுது. பிறகு ஏன் ஈஸ்ட் காத்தில்லாத வழிக்குப் போகுது?

#8 நொதியன்

நரி அண்ணா, நல்லாப் பிடிச்சீங்க. ரெண்டு காரணம். ஒண்ணு, சாறுக்குள்ள கரையற ஆக்சிஜன் ரொம்பக் கொஞ்சம். பெருகி வர்ற ஈஸ்ட் அதை உடனே தீர்த்துடும். ரெண்டாவதுதான் சுவாரசியம்: நம்ம ஈஸ்ட் சர்க்கரை தாராளமாக் கிடைச்சா ஆக்சிஜன் இருந்தாலும் ஆல்கஹால்தான் பண்ணும். சீக்கிரமாத் தின்னு முடிச்சுட்டு, மத்த கிருமிங்களுக்கு ஆகாத ஆல்கஹாலை அங்க நிரப்பி வச்சுடும். அப்புறம் நிதானமா ஆக்சிஜனை வச்சு அந்த ஆல்கஹாலையே எரிச்சுத் தின்னும்.

கள்ளுல ஈஸ்ட் மட்டும் இல்ல. சைமோமோனாஸ்னு ஒரு பாக்டீரியாவும் உண்டு. அது வேற வழியில சர்க்கரையை உடைக்கும். ஒரு குளுக்கோஸுக்கு அதுக்குக் கிடைக்கிறது ஒரே ஒரு ஏடிபி. பாதிக் கூலி. அதனால இன்னும் வேகமா சர்க்கரையைத் தின்னுது.

அடுத்த நாள் புளிக்கிறது மட்டும் காற்றில்லாச் சுவாசம் இல்ல. ஆல்கஹாலை அசெட்டிக் அமிலம் ஆக்கிற பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கட்டாயம் வேணும். அதுக்குத்தான் உங்க திறந்த முட்டி உதவுது.

#9 இட்லி_இளவரசி

இவ்வளவு நேரம் யாரும் மாவைப் பத்திப் பேசாதது ஆச்சரியம் 😀

உணவுத் தொழில்நுட்பம் படிச்சவள்ங்கிற முறையில ஒரு வார்த்தை. இட்லி மாவு பொங்கறது ஈஸ்டாலன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. பெரும்பங்கு லுயூகோனோஸ்டாக் மெசென்ட்ராய்ட்ஸ்னு ஒரு பாக்டீரியா. உளுந்தோட ஒட்டிக்கிட்டே வருது, யாரும் வாங்கிப் போட வேண்டாம். அது குளுக்கோஸ்லருந்து லாக்டிக் அமிலம், ஆல்கஹால், கார்பன் டை ஆக்சைடு மூணையும் உண்டாக்கும். புளிப்புக்கு அமிலம், பொங்கறதுக்கு வாயு. தயிர்ல இருக்கிற பாக்டீரியா லாக்டிக் அமிலம் மட்டும் பண்றதாலதான் தயிர் புளிக்குது, பொங்கறதில்ல.

உண்டாகிற வாயு ஓடிடாம பிடிச்சு வைக்கிறதும் உளுந்துதான். அதுல இருக்கிற புரதமும் வழவழப்பும் சேர்ந்து குமிழியை உடையவிடாது. ஆட்டின உளுந்தை விரலால எடுத்துத் தண்ணில விட்டா மிதக்கணும்னு பாட்டி பார்ப்பாங்களே, அது அந்தப் பிடிப்பு வந்துடுச்சான்னு பார்க்கிற சோதனைதான். அரிசி மட்டும் அரைச்சு வச்சா புளிக்கும், இட்லி வராது.

கயல், இந்தப் பாக்டீரியாவுக்கும் குளுக்கோஸுக்கு ஒரு ஏடிபிதான். நொதியன் சொன்ன பாதிக் கூலிக் கோஷ்டி.

#10 சந்தேகப்_பேர்வழி

> மீதி 93 எங்க போச்சு?

இதுக்கு யாருமே இன்னும் பதில் சொல்லல. கள்ளு, இட்லின்னு இழை நல்லாத்தான் மணக்குது, ஆனா பொண்ணு கேட்ட ரெண்டாவது கேள்வி அப்படியே நிக்குது.

#11 நொதியன்

சரிதான். எண்ணோட பார்ப்போம். கயல், பேனா எடுத்துக்கோங்க.

ஒரு மோல் குளுக்கோஸை முழுசா கார்பன் டை ஆக்சைடும் தண்ணியுமா எரிச்சா சுமார் 2870 கிலோ ஜூல் கிடைக்கும். அதே குளுக்கோஸ் ரெண்டு லாக்டேட் ஆனா வெளிவர்றது சுமார் 196 கிலோ ஜூல். 196ஐ 2870ஆல வகுங்க: 6.8 சதவீதம். உங்க புத்தகம் சொல்ற "ஏழுக்கும் குறைவு" இதுதான்.

மீதி வெப்பமாகல. வெளியவே வரல. லாக்டேட்டுக்குள்ளயே இருக்கு.

இப்ப இன்னொரு கணக்கு. வெளிவந்த 196ல செல் எவ்வளவு பிடிச்சுது? 2 ஏடிபி, ஒண்ணுக்கு சுமார் 30.5ன்னு வச்சா 61. அதாவது 31 சதவீதம். ஆக்சிஜன் வழியில 32 ஏடிபின்னு வச்சா 976. 2870ல 34 சதவீதம். பார்த்தீங்களா, பிடிக்கிற திறமையில பெரிய வித்தியாசமே இல்ல! (இது திட்டநிலை எண்கள், அதாவது பரிசோதனைக்கூடத்துல பொதுவா வச்சுக்கிற நிலைமைக்கான கணக்கு. உயிருள்ள செல்லுக்குள்ள ஏடிபியோட மதிப்பு இதைவிட அதிகம், அதனால ரெண்டு சதவீதமும் மேல போகும்.)

அதனால "காற்றில்லாச் சுவாசம் வீணடிக்குது"ன்னு எழுதறது எனக்குச் சுத்தமாப் பிடிக்காது. அது வீணடிக்கல, பாதியில இறங்கிடுது. மிச்ச வழியை ஆக்சிஜன் கிடைக்கிற வேற யாராவது போய்க்கலாம். உங்க உடம்புக்குள்ளயே அந்த வேற யாராவது இருக்காங்க: இதயத் தசை லாக்டேட்டை நல்லா எரிக்கும், வேலை செய்யாம சும்மா இருக்கிற தசையும் எரிக்கும். கல்லீரல் அதைத் திரும்பக் குளுக்கோஸ் ஆக்கி ரத்தத்துல விடும். தசையில ரெண்டு ஏடிபி கிடைச்சதுக்குக் கல்லீரல் ஆறு ஏடிபி செலவழிக்கணும், ஆனா அவசரத்துக்குக் கடன் வாங்கினா வட்டி கட்டித்தானே ஆகணும். இதைக் கண்டுபிடிச்சது கார்ல் கோரியும் கெர்ட்டி கோரியும், கணவன் மனைவி. கிளைக்கோஜன் எப்படி மாறுதுன்னு காட்டினதுக்காக 1947ல ரெண்டு பேருக்கும் நோபல். மருத்துவ நோபல் வாங்கின முதல் பெண் கெர்ட்டி.

#12 ஓட்டக்காரன்400

அப்ப என் பசங்க கால் வலி பொய்யா? இருபது வருஷமா மைதானத்துல நிக்கிறேன். அமிலம் சேருதா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க.

#13 நொதியன்

வலி பொய்யில்ல அண்ணா. மறுநாள் வலிக்குக் காரணம் லாக்டேட்டுன்னு சொல்றதுதான் தப்பு.

சோர்வுக்கும் லாக்டிக் அமிலத்துக்கும் முடிச்சுப் போட்டது ரொம்பப் பழைய கதை. 1907ல கேம்பிரிட்ஜ்ல ஃபிளெட்சர், ஹாப்கின்ஸ்னு ரெண்டு பேர் தவளைத் தசையை வச்சுப் பார்த்தாங்க. ஆக்சிஜன் இல்லாம வேலை வாங்கினா லாக்டிக் அமிலம் ஏறுது, ஆக்சிஜன் கொடுத்தா இறங்குது. பார்த்தது சரி. ஆனா அதுலருந்து "அப்ப வலிக்கும் இதுதான் காரணம்"னு உலகம் பூரா பயிற்சியாளர்கள் பிடிச்சுக்கிட்டாங்க.

ஓடி முடிச்சு ஒரு மணி நேரம் போல ஆனா ரத்தத்துல லாக்டேட் பழைய அளவுக்கு வந்துடும். வலி வர்றது மறுநாள், உச்சம் ரெண்டாம் நாள். இல்லாத பொருள் எப்படி வலிக்க வைக்கும்? 1983ல ஒரு ஆய்வு. ஆட்களை டிரெட்மில்ல 45 நிமிஷம் ஓடவிட்டாங்க. சமதளத்துல ஓடினப்ப லாக்டேட் ஏறுச்சு, அப்புறம் வலி இல்ல. இறக்கத்துல ஓடினப்ப லாக்டேட் ஏறல, வலி பின்னிடுச்சு. பழனி படி ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். ஆனா மறுநாள் தொடையைப் பிடிச்சுக்க வைக்கிறது இறங்கினதுதான். நீண்டுக்கிட்டே இழுவை தாங்கறப்ப தசை நார்ல நுண்ணிய சேதம் ஆகுது, அதைச் சரிபண்ற அழற்சி, அந்த வலி.

கடைசி 80 மீட்டர்ல தொடை கல்லாகறது தனி விஷயம். அதுல தசைக்குள்ள அமிலத்தன்மை ஏறுறது உண்மை, எரிச்சலுக்கு அதுல பங்கு உண்டு. ஆனா தசை சோர்ந்து போறதுக்கு, கிரியேட்டின் பாஸ்பேட் (தசையோட உடனடி ஆற்றல் கையிருப்பு) உடையறதால குவியற பாஸ்பேட்டும் பெரிய காரணம். ஹைட்ரஜன் அயனி எந்தெந்தப் படியிலருந்து எவ்வளவு வருதுங்கிறதுல ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள சண்டை தீரல. லாக்டேட் ஆகிற படி தன் பங்குக்கு ஒரு ஹைட்ரஜன் அயனியை வாங்கிக்குது, விடல. அதனால லாக்டேட்டை மட்டும் குற்றவாளிக் கூண்டுல ஏத்தாதீங்க. அது உண்டாகலைன்னா உங்க பையன் 400ஐ முடிக்கவே மாட்டான், பாதியிலயே நின்னுடுவான்.

நீங்க நடக்க வைக்கிறது நல்ல பழக்கம். மெதுவா அசைஞ்சுக்கிட்டே இருந்தா லாக்டேட் சீக்கிரம் எரிஞ்சு போகும். அடுத்த ஓட்டம் சீக்கிரமே இருந்தா அது உதவும்.

#14 ஓட்டக்காரன்400

இறக்கத்துல ஓடினா வலி ஜாஸ்தின்றது எனக்கும் தெரியும், மலைப்பக்கம் முகாம் போட்டப்ப பார்த்திருக்கேன். மீதியை நான் இன்னும் ஒத்துக்கல. ஆனா பசங்களை நடக்க வைக்கிறது சரின்னுட்டீங்க, அது போதும் 😄

#15 இரவு_ஷிப்ட்

தீவிர சிகிச்சைப் பிரிவுல நர்ஸா இருக்கேனுங்க. லாக்டேட்னு பார்த்ததும் உள்ள வந்துட்டேன்.

எங்களுக்கு அது ஒரு எண். ரத்த வாயுப் பரிசோதனைச் சீட்டுல கீழ வரும். சாதாரணமா 2க்குள்ள இருக்கணும், அலகு லிட்டருக்கு மில்லிமோல். கிருமித்தொற்று ரத்தத்துல பரவி வந்த ஆளுக்கு 4ஐத் தாண்டி நின்னா டாக்டரை உடனே கூப்பிடுவோம். திரவம், ஆன்டிபயாட்டிக் கொடுத்துட்டு சில மணி நேரத்துல மறுபடி எடுத்துப் பார்ப்போம். இறங்குதான்னு பார்க்கிறதுதான் முக்கியம்.

ஓட்டக்காரன் அண்ணா பசங்களுக்கு ஓடி முடிச்ச நிமிஷம் எடுத்தா 15, 20கூட காட்டும். அவங்க சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போவாங்க. இங்க 5 வந்தாலே எங்களுக்குக் கை நடுங்கும். எண்ணு ஒண்ணுதான், ஆனா அது ஏன் ஏறுச்சு, இறங்குதா இல்லையாங்கறதுலதான் வித்தியாசம்.

இன்னொண்ணு. லாக்டேட் ஏறினா "ஆக்சிஜன் போகல"ன்னு மட்டும் எடுத்துக்கக் கூடாதுன்னு எங்க சீனியர் டாக்டர் சொல்லிட்டே இருப்பாருங்க. உடம்பு பதட்டத்துல அட்ரினலினை ஊத்தறப்ப, ஆக்சிஜன் இருந்தாலும் குளுக்கோஸ் பிளப்பு வேகமாகி லாக்டேட் ஏறும். கல்லீரல் பழுதா இருந்தா வாங்கிக்க ஆளில்லாம நிக்கும்.

புற்றுநோய்ச் செல்லும் இப்படித்தானுங்களாமே? பெட் ஸ்கேன்ல குளுக்கோஸ் மாதிரி ஒரு மருந்து போடறது அதுக்குத்தான்னு சொன்னாங்க.

#16 நொதியன்

ஆமா அக்கா. ஆக்சிஜன் இருந்தும் பல கட்டிகள் குளுக்கோஸை அள்ளி விழுங்கி லாக்டேட் விடுது. 1920கள்ல ஓட்டோ வார்பர்க் பார்த்தது. பெட் ஸ்கேன்ல போடறது கதிரியக்க ஃபுளோரின் ஒட்டின குளுக்கோஸ். செல் உள்ள இழுத்துக்கும், ஆனா மேற்கொண்டு உடைக்க முடியாம மாட்டிக்கும். அது எங்க சேருதோ அங்க பளிச்னு தெரியும். மூளையும் நிறைய குளுக்கோஸ் தின்னும், அதனால அதுவும் பளிச்னுதான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

#17 டெல்டாக்காரன்

நீங்க எல்லாம் நொதித்தலையே பேசிட்டிருக்கீங்க. எங்க வயல்ல வேற ஒண்ணு நடக்குது. வேளாண் பட்டதாரி, இப்ப சொந்த நிலத்துல நெல்லு.

தண்ணி கட்டினா மண்ணுக்குள்ள ஆக்சிஜன் போறது அடியோட குறைஞ்சிடும். காத்துல போறதைவிடத் தண்ணில ஆக்சிஜன் பரவறது ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவு. இருக்கிற கொஞ்சத்தையும் மண்ணுக் கிருமி ஒரு நாள், ரெண்டு நாள்ல தின்னு தீர்த்துடும். அப்புறம் எல்லாக் கிருமியும் நொதித்தலுக்குப் போறதில்ல. எலக்ட்ரானை வாங்கிக்க வேற ஆள் தேடுது, அதுக்குன்னு ஒரு வரிசை இருக்கு. முதல்ல நைட்ரேட். அது தீர்ந்தா மாங்கனீசு. அப்புறம் இரும்பு. அப்புறம் சல்பேட். எல்லாம் போனா கடைசியா கார்பன் டை ஆக்சைடு, அதுலருந்து மீத்தேன்.

இது பரிசோதனைக்கூடக் கதை இல்ல, வயல்ல இறங்கினாலே தெரியும். சேத்தைக் கையில அள்ளுங்க, மேல ஒரு விரக்கடை பழுப்பு, அடியில நீலச்சாம்பல். இரும்பு எலக்ட்ரானை வாங்கினதால வந்த நிறம் அது. நாத்தைப் பிடுங்கிப் பாருங்க, வேரைச் சுத்தி மட்டும் துரு பூசின மாதிரி இருக்கும். நெல்லுத் தண்டுக்குள்ள காத்துக் குழாய் இருக்கு, வேருக்கு அது ஆக்சிஜன் இறக்குது, அது கசியற இடத்துல இரும்பு மறுபடி துருவாகுது. தழை நிறையப் போட்டு உழுத, தண்ணி வடியாத பள்ளத்துல காலை வச்சா அழுகின முட்டை நாத்தம். அது சல்பேட் படி. அங்க வேர் கறுத்துப் போயிருந்தா பயிர் எடுப்பு எடுக்காது, தண்ணியை வடிச்சுக் காயவிடணும்.

மீத்தேன் சேத்துல குமிழியா வரும், ஆனா பெரும்பங்கு அந்த நெல்லுத் தண்டுக் குழாய் வழியாவே மேல போயிடுது. நீர் மறைய நீர் கட்டுங்கன்னு இப்ப சொல்றாங்களே, தண்ணி மிச்சம் ஒரு பக்கம், அடிக்கடி காத்து உள்ள போறதால மீத்தேனும் பாதி வரைக்கும் குறையுது. ஆனா அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. காயறப்ப யூரியாவோட அமோனியம் நைட்ரேட் ஆகும். மறுபடி தண்ணி கட்டினா கிருமி அந்த நைட்ரேட்டைச் சுவாசிச்சு நைட்ரஜன் வாயுவாக்கி ஊதிடும். காசு கொடுத்து வாங்கின உரம் காத்தோட போச்சு. அதனால எப்ப காயவிடறோம், எப்ப உரம் போடறோம்னு பார்த்துச் செய்யணும். இதைச் சொன்னா எங்க ஊர்ல யாரும் கேக்கறதில்ல.

#18 கயல்_உயிரியல்

சார், கிருமி நைட்ரேட்டைச் "சுவாசிக்குது"ன்னா? எங்க புத்தகத்துல நொதித்தலும் காற்றில்லாச் சுவாசமும் ஒண்ணுங்கிற மாதிரி இருக்கு.

#19 நொதியன்

டெல்டாக்காரர் சொன்னதுதான் சரி கயல். ஆக்சிஜன் வழியில என்ஏடிஹெச்சின் எலக்ட்ரான் ஒரு சங்கிலி வழியா கைமாறிப் போகும், போற வழியில ஏடிபி உண்டாகும், கடைசியில ஆக்சிஜன் வாங்கிக்கும். நைட்ரேட் பாக்டீரியாவிலும் அதே சங்கிலி உண்டு. கடைசியில நிக்கிற ஆள் மட்டும் வேற. நைட்ரேட்டுன்னா கிடைக்கிற ஆற்றல் ஆக்சிஜனுக்குக் கிட்டத்தட்ட வரும், சல்பேட்டுன்னா ரொம்பக் கம்மி. டெல்டாக்காரர் சொன்ன வரிசை அதனாலதான்: லாபம் கூடினது முதல்ல. நொதித்தல்ல சங்கிலிக்கே வேலை கிடையாது.

பரீட்சையில புத்தகத்துல உள்ளதை எழுதுங்க. நீட்டுக்கு மொத்த ஏடிபி 38ன்னு இருந்தா 38. நான் மேல 32ன்னு போட்டதை எழுதி மார்க்கை விட்டுடாதீங்க. இப்ப அளந்து பார்க்கிறதுல 30லருந்து 32 வருது, பாடநூல் எண் பழைய கணக்கு.

#20 சந்தேகப்_பேர்வழி

டெல்டாக்காரரே, நெல்லு விதை தண்ணிக்குள்ளயே முளைக்குதே, அது எப்படி? மத்த விதை அழுகிடுமே.

#21 டெல்டாக்காரன்

நெல்லு முளை ஆக்சிஜன் இல்லாமலே கொஞ்ச தூரம் நீளும். சேர்த்து வச்ச மாவுச்சத்தை உடைச்சு, கள்ளு மாதிரியே ஆல்கஹால் வழியில ஓட்டும். தண்ணிக்கு மேல தலையை நீட்டினதும் காத்து கிடைச்சிடும். கோதுமைக்கு இந்தச் சாமர்த்தியம் இல்ல.

வளர்ந்த பயிர் மூழ்கறது வேற கதை. சாதாரண நெல்லு, தப்பிக்கணும்னு தாள் தாளா நீளும், கையிருப்பு மாவுச்சத்து பூரா அதுலயே தீர்ந்து, வெள்ளம் வடிஞ்சதும் சாஞ்சு படுத்துடும். ஒடிசாவுல எஃப்ஆர் 13ஏன்னு ஒரு பழைய ரகம், அது மட்டும் மூழ்கினா வளர்றதை நிறுத்திட்டுச் சும்மா கிடக்கும். குளுக்கோஸுக்கு ரெண்டே ஏடிபி கிடைக்கிற காலத்துல செலவைச் சுருக்குறதுதானே புத்தி. அதுக்குக் காரணமான சப்1ஏ மரபணுவை 2006ல அடையாளம் கண்டாங்க. அதைக் கலந்து வந்ததுதான் சிஆர் 1009 சப்1. ரெண்டு வாரம் போல மூழ்கிக் கிடந்தாலும் எந்திரிச்சிடும். வடகிழக்குப் பருவமழையில தண்ணி நிக்கிற கடைமடை நிலத்துக்காரங்க அதைத் தேடறது அதனாலதான்.

#22 பனங்காட்டு_நரி

மனிசருக்கும் மிருகங்களுக்கும் மட்டும் லாக்டிக் அமிலம், மரஞ்செடிக்கும் ஈஸ்டுக்கும் கள்ளு. நல்ல நியாயம் 😂 கள்ளு வடிக்கிற மிருகம் ஒண்டுமே இல்லையோ?

#23 நொதியன்

இருக்கு! தங்கமீன். அதோட சொந்தக்கார மீனான குருசியன் கெண்டையும். ஐரோப்பாவின் வடக்கே குளிர்காலத்துல ஏரிக்கு மேல பனிக்கட்டி மூடிடும், உள்ள ஆக்சிஜன் தீர்ந்துடும். இந்தக் கெண்டை மாசக்கணக்குல உயிரோட இருக்கும். லாக்டேட்டையே அத்தனை நாள் சேர்த்தா செத்துடும், அதனால தசையில அதை எத்தனாலா மாத்திச் செவுள் வழியா தண்ணில விட்டுடுது. நொதி எப்படி வந்ததுன்னு 2017ல ஆஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழகக்காரங்க காட்டினாங்க: பைருவேட்டைக் கையாள்ற பழைய நொதியோட இன்னொரு பிரதி உருமாறி இந்த வேலைக்கு வந்திருக்கு. அந்த மீனோட ரத்தத்துல ஆல்கஹால் 100 மில்லிக்கு 50 மில்லிகிராமுக்கு மேல போகும். நம்மூர்ல 30ஐத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது.

#24 மட்டுறுத்துநர்

ரெண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கள் இறக்கத் தடை சரியா தவறா என்ற விவாதத்துக்கு அரசியல் பிரிவில் தனி இழை இருக்கிறது, அங்கே போங்கள்.

#25 கயல்_உயிரியல்

கடைசியா ஒண்ணு, திட்டாதீங்க. நம்ம உடம்புல எப்பவுமே நொதித்தல் மட்டும் பண்ற செல் இருக்கா? ஆக்சிஜன் கிடைச்சாலும் தொடாத மாதிரி?

#26 இரவு_ஷிப்ட்

இதுக்கு நான் பதில் சொல்றேனுங்க, தினமும் கையில பிடிக்கிற சாமான்.

ரத்தச் சிவப்பணுதாம்மா. ஆக்சிஜனைத் தூக்கிட்டு ஊர் பூராச் சுத்தறதே அது, ஆனா தான் ஒரு துளி எடுத்துக்காது. முதிர்ந்ததும் உட்கருவையும் மைட்டோகாண்ட்ரியாவையும் கழிச்சிடுது, அதனால ஆக்சிஜன் வழிக்கு அதுக்குச் சாமானே இல்ல. சுமார் 120 நாள் வாழ்க்கை பூராவும் குளுக்கோஸ் பிளப்பும் லாக்டேட்டும்தான். நாம சும்மா படுத்திருந்தாலும் ரத்தத்துல லாக்டேட் சுழியம் ஆகாததுக்கு இதுவும் ஒரு காரணம்.

ரத்த வங்கியிலருந்து வர்ற சிவப்பணுப் பையைப் பாரு. கூட ஒரு திரவம் கலந்திருப்பாங்க: உப்பு, அடினின், குளுக்கோஸ், மேனிட்டால். குளுக்கோஸ் எதுக்குன்னா உள்ள இருக்கிற செல்லுக்குச் சோறு. 4 டிகிரி குளிர்ல வச்சா அந்தச் செல் மெதுவாத் தின்னும், பை 42 நாள் வரை தாங்கும். பழைய பை ஆக ஆக உள்ள லாக்டேட் ஏறும், பிஹெச் இறங்கும், பொட்டாசியமும் வெளிய கசியும். சின்னக் குழந்தைக்கு நிறைய ரத்தம் ஏத்தணும்னா புதுப் பையாக் கேட்டு வாங்கறதுக்கு அந்தப் பொட்டாசியம்தான் முக்கியக் காரணம்.